பன்கம் எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு சிறிய பதிப்பகத்துக்காக அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 1850-களில் அடிமைமுறை பற்றி நடந்த விவாதத்தைச் சொல்லும் இடத்தில், ஒரு செனட்டரின் நீண்ட பேச்சை ‘வெறும் பன்கம்’ என்று நூலாசிரியர் தள்ளிவிடுகிறார். அகராதியில் ‘அர்த்தமற்ற பேச்சு’ என்று இருக்கிறது. நான் ‘பந்தா’ என்று போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. இதற்கிடையே எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர், இந்தச் சொல்லே நம்முடைய ‘பங்கம்’தான், வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப்போனது என்று எழுதினார். படிக்கப் பெருமையாக இருந்தது, நம்பலாமா என்று தெரியவில்லை. பொருளையும் பிறப்பையும் சொல்லி, தமிழில் எப்படி எழுதலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.
— வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். வாட்ஸாப் செய்தியை முதலில் முடித்துவிடுவோம். ‘பன்கம்’ தமிழிலிருந்து போன சொல் இல்லை. அது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் ஒரு கவுண்டியின் பெயர். நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதியைத்தான் அங்கே கவுண்டி என்கிறார்கள். அந்த ஊர்ப்பெயர் எப்படி வெற்றுப் பேச்சுக்குப் பெயராயிற்று என்பது நாள் குறிப்போடு சொல்லப்படுகிற கதை. சொற்களுக்கு ஜாதகம் கிடைப்பது அபூர்வம். இதற்குக் கிடைத்திருக்கிறது.

நம்முடைய பங்கம் வேறு. ‘உடைதல்’ என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது அது. அதனால்தான் மானபங்கம் என்கிறோம், அமைதிக்குப் பங்கம் என்கிறோம். சேறு என்ற பொருளில் இன்னொரு பங்கமும் உண்டு. சேற்றில் பிறப்பதால் தாமரைக்குப் பங்கஜம் என்று பெயர். இப்போது இளைஞர்கள் ஒருவரைக் கலாய்த்துத் தள்ளிவிட்டால் ‘பங்கம் பண்ணிட்டாங்க’ என்கிறார்கள். இது முதல் பங்கத்திலிருந்து அழகாக வளர்ந்த புது வழக்கு. இவற்றில் எதிலும் ஆரவாரமான வெற்றுப் பேச்சு என்ற பொருள் இல்லை. ஓசை மட்டும்தான் ஒத்துப்போகிறது. ஓசை ஒத்துப்போவது எந்த இரண்டு மொழிகளுக்கு நடுவிலும் நடக்கும்.

ஒரு சொல் நம்மிடமிருந்து போனது என்று யாராவது சொன்னால் நான் கேட்பது இதைத்தான்: யார் கொண்டுபோனார்கள், எந்த வழியாக? கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. கடற்கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் அந்த மரத்தைப் பார்த்தார்கள், பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சுருட்டு போயிற்று. மிளகுத் தண்ணீர் அவர்கள் சாப்பாட்டு மேசையில் ‘மல்லிகடானி’ என்ற சூப்பாக இன்றும் இருக்கிறது. இவற்றிலெல்லாம் பொருளோடு சேர்ந்துதான் பெயர் கப்பல் ஏறியது. பன்கத்துக்கு அப்படி ஒரு கப்பலும் இல்லை. அது முளைத்த இடம் அமெரிக்க நாடாளுமன்றம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

1820 பிப்ரவரி 25. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை கூடியிருக்கிறது. மிசூரிப் பகுதியை ஒரு மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளும்போது அங்கே அடிமைமுறையை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதுதான் விவாதம். முந்தைய ஆண்டே தொடங்கியது, முடிகிற பாடில்லை. அந்த ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த மண்ணில் விலங்கோடு நிற்பார்கள் என்பதை அந்த அவை முடிவு செய்துகொண்டிருந்தது. வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த நேரம்.

அவை கூடிய மண்டபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1814-ல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குத் தீ வைத்தபோது பழைய மண்டபம் எரிந்துபோனது. திரும்பக் கட்டி, 1819 டிசம்பரில்தான் உறுப்பினர்கள் அங்கே குடிபுகுந்திருந்தார்கள். பார்க்க அழகான மண்டபம். ஆனால் வளைந்த கூரையில் பட்டுக் குரல் எதிரொலிக்கும், ஒருவர் பேசுவது அடுத்தவருக்குச் சரியாகக் கேட்காது. இன்று அது சிலைகள் வைத்த கூடமாக இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் அந்த எதிரொலியைத்தான் முதலில் காட்டுகிறார்கள்.

அந்த மண்டபத்தில், அந்த நேரத்தில், ஃபீலிக்ஸ் வாக்கர் என்ற உறுப்பினர் பேச எழுந்தார். வயது 66. பன்கம் கவுண்டி அடங்கிய தொகுதியிலிருந்து வந்தவர். ‘ஓட்டெடுப்பு, ஓட்டெடுப்பு’ என்று சுற்றிலும் கூச்சல். நண்பர்கள் வந்து, உட்காருங்கள், யாரும் கேட்கிற நிலையில் இல்லை என்று கெஞ்சியதாகச் சொல்கிறார்கள். அவர் விடாமல் பேசினார் என்பது கதையின் ஒரு வடிவம். கூச்சலில் பேசவே விடவில்லை என்பது இன்னொரு வடிவம். இரண்டிலும் மாறாத வரி ஒன்று உண்டு. நீங்கள் கேட்க வேண்டாம், நான் உங்களுக்காகப் பேசவில்லை, பன்கத்துக்காகப் பேசுகிறேன் என்று அவர் சொன்னார்.

இந்த ஒரு வரியில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. அவர் பொய் சொல்ல எழவில்லை. எதிரில் இருந்தவர்களை மாற்றவும் எழவில்லை. நம் ஆள் வாஷிங்டனில் எழுந்து நின்று பேசினார் என்று நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மலைமேல் இருக்கிற வாக்காளர்கள் கேள்விப்பட வேண்டும், அவ்வளவுதான். பேச்சு நடக்கிற இடம் ஒன்று, அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறொன்று.

அவையில் இருந்தவர்களுக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. யாராவது காரணமில்லாமல் நீட்டி முழக்கினால் ‘பன்கத்துக்குப் பேசுகிறார்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். 1828-ல் ‘நைல்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை இது வாஷிங்டனில் பழகிப்போன சொலவடை என்றே எழுதியது. எட்டே ஆண்டில் ஒரு சொல் பழசாகிவிட்டது என்றால், அது எந்த அளவுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் (Buncombe) கொஞ்சம் முரட்டுத்தனமானது. நாளடைவில் காதில் விழுகிறபடியே (bunkum) அதை எழுதத் தொடங்கினார்கள். ஊர் ஒரு எழுத்திலும் சொல் ஒரு எழுத்திலுமாகப் பிரிந்தன. உச்சரிப்பு இரண்டுக்கும் இன்றும் ஒன்றுதான். 1850-க்குள் கடல் தாண்டி, தாமஸ் கார்லைல் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் இங்கிலாந்து நாடாளுமன்றத்தைச் சாட எடுத்துக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டது.

வாக்கரை ஒரு கோமாளியாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1775-ல் டேனியல் பூன் என்ற எல்லைப்புற வேட்டைக்காரர் கென்டக்கிக்கு வழி வெட்டிக்கொண்டு போனபோது கூடப் போன இளைஞர்களில் அவரும் ஒருவர். வழியில் நடந்த தாக்குதலில் படுகாயம் அடைந்து பிழைத்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடும் பேச்சு அவருக்கு. ஊரில் ‘கிழட்டு எண்ணெய்ச் சாடி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். யாருக்காகப் பேசினாரோ அந்தத் தொகுதி சில ஆண்டுகளிலேயே ஒரு தேர்தலில் அவரைத் திரும்ப அனுப்பவில்லை. பிறகு மிசிசிப்பிக்குக் குடிபெயர்ந்து 1828-ல் அங்கேயே இறந்தார்.

எனக்கு அவரைவிட எட்வர்ட் பன்கம் என்ற மனிதரை நினைத்துத்தான் வருத்தம். கவுண்டிக்கு அந்தப் பெயர் வந்தது அவரால். மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் கிட்ஸில் பிறந்து வட கரோலினாவின் கிழக்குக் கரையோரத்தில் குடியேறியவர். ‘பன்கம் இல்லத்துக்கு எல்லோரும் வருக’ என்ற பொருளில் எதுகையோடு ஒரு வரியை வீட்டு வாசலில் எழுதிவைத்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1777 அக்டோபரில் ஜெர்மன்டவுன் சண்டையில் அடிபட்டுப் பிடிபட்டார். அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியாவில் கைதியாகவே இறந்தார். அவரைக் கௌரவிக்கத்தான் 1790-களின் தொடக்கத்தில் மேற்கே மலைப்பகுதியில் உருவான கவுண்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள். முப்பது ஆண்டுகூட ஆகவில்லை, அந்தப் பெயர் உளறலுக்குப் பெயராகிவிட்டது. ஆஷ்வில் நகரம் இருப்பது இந்தக் கவுண்டியில்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டபோது செய்திகளில் பன்கம் என்ற பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த ஊரின் பெயராக அதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாகக் கையாண்டிருக்கிறேன் என்று ஒரு கணம் கை நின்றுவிட்டது.

அப்புறம் இந்தச் சொல்லுக்கு ஒரு குட்டி பிறந்தது. 1900 வாக்கில் அமெரிக்கர்கள் பன்கத்தின் வாலை வெட்டி ‘பங்க்’ ஆக்கினார்கள். வால் போனதோடு பொருளும் கொஞ்சம் மாறியது. மேடையும் தொகுதியும் மறைந்துபோய் ‘வெறும் குப்பை, சுத்தப் பொய்’ என்ற அளவில் நின்றது. கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு 1916-ல் சிகாகோ டிரிப்யூன் பேட்டியில் வரலாறு என்பது ஏறக்குறைய பங்க்தான் என்றார். அதே ஆண்டு அந்தப் பத்திரிகை வேறொரு விஷயத்தில் அவரை அராஜகவாதி என்று எழுத, பத்து லட்சம் டாலர் கேட்டு ஃபோர்டு வழக்குப் போட்டார். 1919-ல் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய வரலாற்று அறிவைச் சோதித்தார். அமெரிக்கப் புரட்சி எப்போது நடந்தது என்ற கேள்விக்கு ஃபோர்டு 1812 என்றார். தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது, நஷ்டஈடு 6 சென்ட். பத்தாண்டு கழித்து அதே மனிதர் டியர்பார்னில் பெரிய வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். உங்கள் நூலில் பின்னால் ஃபோர்டு வந்தால் அங்கே பங்க் என்பதைப் பன்கத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ‘வெறும் கதை’ என்றாலே போதும்.

1923-ல் டபிள்யூ. ஈ. வுட்வர்ட் என்ற எழுத்தாளர் தன் நாவலில் பங்க்கை வெளியே உருவி எடுப்பதற்கு ஒரு வினையை உருவாக்கினார். அதுதான் ‘டிபங்க்’. இன்று வதந்திகளைச் சரிபார்க்கிறவர்கள் தமிழிலும் ‘டிபங்க் செய்தோம்’ என்று எழுதுகிறார்கள். ‘சாயத்தை வெளுத்துக் காட்டினோம்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காமல் போகாது.

பங்க் என்றதும் உங்களுக்கு வேறு இரண்டு பங்க் நினைவுக்கு வரும். நாம் பெட்ரோல் பங்க் என்கிறோம், வட இந்தியாவில் பெட்ரோல் பம்ப் என்கிறார்கள். அந்தப் பங்க்குக்கும் வாக்கருக்கும் தொடர்பு கிடையாது. வகுப்பைப் பங்க் அடிப்பது இங்கிலாந்துப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது, அதற்கும் தொடர்பு கிடையாது. ரயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிற படுக்கைக்கும் கிடையாது. சீட்டாட்ட மோசடியைக் குறிக்கும் ‘பங்க்கோ’ என்ற சொல்லையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுவார்கள். அதை அகராதிகள் ஸ்பானிய மொழியிலிருந்து கொண்டுவருகின்றன. ஓசையை மட்டும் வைத்துச் சொல்வம்சம் எழுதினால் பெட்ரோலும் பரீட்சையும் ஒரே குடும்பம் ஆகிவிடும்.

இனி உங்களுடைய முக்கியமான கேள்வி. தமிழில் என்ன போடுவது?

இதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையில் இதே சொல் வந்தது. தேர்தல் பேச்சு ஒன்றைப் பற்றியது. நான் ‘பொய்’ என்று போட்டுவிட்டேன். மூத்த ஆசிரியர் என் பிரதியையும் அந்தப் பேச்சின் முழு வடிவத்தையும் மேசைமேல் வைத்து, ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, “எந்த வரி பொய்னு கோடு போட்டுக் கொடு” என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு வரிக்கும் கோடு போட முடியவில்லை. தாய்நாடு பெரியது என்று இருந்தது, முன்னோர் தியாகம் செய்தார்கள் என்று இருந்தது, வருங்காலம் நம் கையில் என்று இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘பொய்’யை அடித்தேன். அந்த அரை மணி நேரத்தில் கற்றதுதான் உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

ஆகவே பீலா, கப்சா, புருடா, ரீல் எல்லாம் இங்கே ஒதுங்கிக்கொள்ளும். அவை நடக்காததை நடந்ததாகச் சொல்வதற்கு. ‘மாமா கலெக்டர்’ என்று அளந்துவிடுகிற பையன் பீலா விடுகிறான்.

பந்தா உங்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்றால், அது பெரும்பாலும் நடையிலும் உடையிலும் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு பேரைப் பின்னால் நடக்கவிட்டு வருவது பந்தா. வாயைத் திறக்காமலே பந்தா காட்டலாம். பன்கம் காட்ட வாய் வேண்டும். உதார் என்றால் மிரட்டல் கலந்துவிடும். எதிரில் நிற்பவன் பயப்பட வேண்டும் என்பதற்காகவே விடுவது அது. வாக்கர் யாரையும் பயமுறுத்தவில்லை, எதிரில் இருந்தவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. பில்டப் என்பது பின்னால் வரப்போகிற ஒன்றுக்கு முன்கூட்டியே ஊதுவது. பன்கத்துக்குப் பின்னால் எதுவும் வரப்போவதில்லை.

கொஞ்சம் மேல்தட்டு நடையில் ஆடம்பரம், படாடோபம் என்ற இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் வடமொழி வழி வந்தவை, இரண்டின் பிறப்பும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடம்பரம் என்பது முதலில் ஒரு வகை முரசு. பிறகு அந்த முரசின் பேரொலி, பிறகு உரக்க நீட்டிப் பேசுவது, பிறகு பகட்டு என்று வளர்ந்தது. இப்போது நமக்கு முரசு மறந்துபோய்த் திருமணச் செலவு மட்டும் நினைவிருக்கிறது. படாடோபம் இன்னும் அழகு. பாம்பு படத்தை விரித்து உப்பிக் காட்டுவதுதான் அது. விஷம் இல்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரித்துக் காட்டட்டும், விஷம் இருக்கிறதோ இல்லையோ, அந்த விரிப்பே பயமுறுத்தும் என்று பஞ்சதந்திரத்தில் ஒரு பாடல் உண்டு. ஆங்கிலத்தில் பன்கத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொல்லான ‘பாம்பாஸ்ட்’ கூட இப்படித்தான்: சட்டை உப்பித் தெரிவதற்காக உள்ளே திணிக்கிற பஞ்சுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். முரசு, பாம்பின் படம், திணித்த பஞ்சு என்று வேறு வேறு காலத்து ஆட்கள் ஒரே குணத்துக்கு வேறு வேறு பொருளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய தமிழில் ஆடம்பரமும் படாடோபமும் வீடு, கார், விழா என்று போய்விட்டன. செனட்டரின் பேச்சுக்கு வைத்தால் அவர் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு வந்தார் என்று வாசகர் நினைப்பார்.

பேச்சுக்கே உரிய சொற்கள் நம்மிடம் வேறு இருக்கின்றன. வாய்ச்சவடால் இருக்கிறது. வாய்ப்பந்தல் போடுவது என்கிறோம். கம்பும் கீற்றும் இல்லாமல் வாயாலேயே பந்தல் போட்டு நிழல் தருவதாகக் காட்டுவது, எவ்வளவு பொருத்தமான படம்! வாயாலேயே வடை சுடுவது என்று இப்போது சொல்கிறார்கள், அதுவும் அதே வீட்டுப் பிள்ளை. வெத்துவேட்டு என்பதில் சத்தமும் இருக்கிறது, குண்டு இல்லாததும் இருக்கிறது. ஆனால் அது பேச்சைவிட ஆளைக் குறிக்கத்தான் அதிகம் வழங்குகிறது.

இவற்றில் எனக்குப் பொருத்தமாகப் படுவது வாய்ச்சவடால். ஆனால் தனியாக நின்றால் அது பாதிப் பொருளைத்தான் தரும். சத்தம் வந்துவிடும், யாருக்காக அந்தச் சத்தம் என்பது விடுபட்டுப்போகும். உங்கள் அத்தியாயம் 1850-களைப் பற்றியது. அப்போது பன்கம் என்று எழுதினால், படிக்கிறவர்களுக்கு வாக்கரின் ‘உங்களுக்காகப் பேசவில்லை’ என்ற அந்த நாள் இன்னும் மறந்திருக்காது. அதனால் அந்த வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அவையில் இருந்தவர்களுக்காக அவர் பேசவில்லை, ஊரில் இருந்த வாக்காளர்களின் காதில் விழ வேண்டும் என்பதற்காக விட்ட வாய்ச்சவடால் அது.’ மூலத்தில் இரண்டு சொல், இங்கே பத்துக்கும் மேல். பரவாயில்லை, நீளட்டும். இந்த இடத்தில் சுருக்கினால் ஒரு நூற்றாண்டு அரசியல் உள்ளே தங்காது.

இடம் இல்லை, சுருக்கமாகத்தான் வேண்டும் என்று பதிப்பகம் சொன்னால் ‘ஊருக்காகப் பேசிய சவடால்’ என்று போடலாம். பன்கம் என்றே ஒலிபெயர்த்து வைக்க வேண்டாம். அச்சில் யாராவது ‘திருத்தி’ பங்கம் ஆக்கிவிடுவார்கள், செனட்டரின் பேச்சால் யாருக்கோ மானம் போனதாகப் பொருள் மாறிவிடும்.

அடிக்குறிப்பு ஒன்று அவசியம். இந்த அளவு போதும்: ‘மூலத்தில் உள்ள சொல் பன்கம். வட கரோலினாவின் பன்கம் கவுண்டி அடங்கிய தொகுதியின் உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர், 1820-ல் மிசூரி விவாதத்தின்போது, தான் அவைக்காக அல்ல, பன்கத்துக்காகவே பேசுவதாகச் சொன்னதிலிருந்து, வாக்காளர்களைக் குளிர்விக்கப் பேசும் வெற்றுப் பேச்சுக்கு இப்பெயர் வந்தது.’

நூலில் வேறு இடங்களிலும் இந்தச் சொல் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். யார் வாயிலிருந்து, எந்த ஆண்டில் வருகிறது என்பதைப் பார்த்த பிறகு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நாடாளுமன்றப் பேச்சாக இருந்தால் மேலே சொன்னதே. இருபதாம் நூற்றாண்டில், மேடை இல்லாத இடத்தில் வந்தால் ‘பொருளற்ற பேச்சு’, ‘வெறும் கதை’ எதுவானாலும் சரி. 1820-க்கு முந்தைய ஒருவர் வாயில் நூலாசிரியர் இதைப் போட்டிருந்தால் அது அவருடைய சொந்தச் சொல், அந்த மனிதருடையது அல்ல. மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வாட்ஸாப் குழுவில் எழுதியவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். சொற்கள் மேல் ஆசை இருப்பதால்தான் அவர் அதை எழுதியிருக்கிறார். பன்கம் வேறு ஊர் என்று சொல்லும்போதே மிளகுத் தண்ணீர் லண்டன் வரை போன கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது உண்மையாகவே நம் அடுப்பிலிருந்து போனது.

அன்புடன்,
உங்கள் சொல் ஆலோசகர்